கேபிள் அண்ணனின் அனுபவம்

பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு. அதோட ஆக்சிலேட்டர் கேபிளுக்கு, வண்டியே தன்னாலதான் ஓடுதுன்னு நெனப்பு. எஞ்சின்கூடத் தனக்கு எடுபிடிதானாம்.

ஒருநாள் அது ஒரு முனையில பிரிபிரியாப் போயி, ஒத்தை இழையில தொங்கிச்சு. மெக்கானிக் அருளப்பன் புதுக் கேபிளைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சார். கழட்டினா அடுத்தது பழைய இரும்பு வாங்குற பேரீச்சம்பழக்காரன் கூடைதான்னு பழசுக்குத் தெரியும்.

"உன்னால முடியாது தம்பி. இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்," ன்னு புதுசுகிட்ட சொல்லுச்சு.

"சரிங்கண்ணே, வேலையைச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."

பழசு தொண்டையைச் செருமிக்கிச்சு. "மிதிச்சா இழுக்கணும். விட்டா விட்டுடணும்."

"அப்புறம்ணே?"

பழசு தேடிப் பார்த்துச்சு. இருவது வருஷ வேலையில வேற ஒண்ணும் அகப்படலை. "அவ்வளவுதான்பா," ன்னுச்சு.

புதுசை மாட்டினாங்க. ஒரே மிதியில வண்டி உறுமிச்சு. அந்த உறுமல்ல, அடியில ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த சைலன்சர் கழண்டு தொங்கிடுச்சு. அருளப்பன் சுத்திமுத்தும் பார்த்தார். கையில கெடச்சது பழைய கேபிள். அதாலயே சைலன்சரைத் தூக்கிக் கட்டி, இறுக்கி விட்டார்.

வண்டி ரோட்டுல பறந்துச்சு. "எப்படிண்ணே இவ்வளவு கெட்டியாப் புடிக்கிறீங்க?" ன்னு சைலன்சர் அசந்துபோய்க் கேட்டுச்சு.

'அனுபவம்'னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கேபிள் முழுங்கிடுச்சு.

"நான் எங்கப்பா புடிக்கிறேன்? ரெண்டு முடிச்சு போட்டிருக்காங்க."