பிரிக்காத பக்கங்கள்

"படிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நூலகக் கவுண்டருக்கு முன்னால் நின்ற பெரியவர் திருதிருவென்று முழித்தார்.

"படிச்சேம்மா. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா?" கவுண்டரில் இருந்த உதவியாளர் புத்தகத்தை நடுவில் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "போன வாரம் நீங்க திருப்பிக் குடுத்தது இது. நாலு தாள், மேல் ஓரம் வெட்டு விழாம, அச்சகத்துலேர்ந்து வந்தபடியே சேர்ந்து கிடக்கு. பிரிக்காம உள்ள இருக்கறதை எப்படிப் படிச்சீங்க? ஜோசியமா?"

வாசிப்பு மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் புதிதாக வந்த நூலகர், வாசலுக்கு எதிரே நாலு தட்டு வைத்த அலமாரி ஒன்றைப் போட்டார். ஊழியர் நாலு பேருக்கும் ஆளுக்கொரு தட்டு. தாங்கள் படித்து ரசித்ததை அதில் வைத்து, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதிச் செருக வேண்டும். ஒரு மாதத்தில் யார் தட்டிலிருந்து ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லையோ, அவர் கவுண்டரை விட்டுக் கீழே கிடங்குக்குப் போக வேண்டும்.

மற்ற மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள். இவள் எட்டாவதோடு நின்றவள். கிடங்கில் பழைய புத்தகத் தூசி, இவளுக்கோ இழுப்பு. அரை மணி நேரம் அங்கே நின்றால் மூச்சு முட்டிவிடும். அந்த பயத்திலேயே விழுந்து விழுந்து படித்தாள். இரண்டு வரி எழுத நாலு தாள் கிழித்தாள்.

அவள் தட்டைத் தொட்டது இந்தப் பெரியவர் ஒருவர்தான். பேத்தியைக் குழந்தைகள் பகுதியில் விட்டுவிட்டு வருவார். திங்கட்கிழமைதோறும் ஒரு புத்தகம். திருப்பித் தரும்போது, "நல்லா இருந்துச்சும்மா."

அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், "நான் சொல்ற புத்தகத்தையும் படிக்க ஆள் இருக்குடா" என்று மகனிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பாள்! இன்று காலை பக்கத்து நாற்காலிக்காரி ஒட்டியிருந்த தாள்களைக் காட்டி, "அக்கா, உங்க ரசிகர் அட்டையை மட்டும்தான் படிச்சிருக்கார்" என்று சொல்லிச் சிரித்தபோது, மானமே போன மாதிரி இருந்தது.

"இத்தனை நாளா எடுத்துட்டுப் போனது எல்லாமே இப்படித்தானா?"

பெரியவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தப்புதாம்மா."

"இந்த வயசுல எதுக்குங்க இந்தப் பொய்? இனிமே என் தட்டுப் பக்கமே வராதீங்க."

புதிதாக எடுத்து வைத்திருந்த புத்தகத்தை இருந்த இடத்திலேயே நேராக நிறுத்திவிட்டு, அவர் வெளியே போனார்.

அன்று மாதத்தின் முதல் தேதி. அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க அந்தத் தட்டை ஒருவரும் சீண்டவில்லை.

"அக்கா, உங்க தட்டுல கை வச்சா நீங்க பரீட்சை வைப்பீங்கன்னு பேசிக்கறாங்க" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. "அன்னிக்குக் கொஞ்சம் மெதுவா கேட்டிருக்கலாம்."

மாதம் முடிந்தது.

"எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா" என்றார் நூலகர், மறுநாள் காலையில். "நாளையிலேர்ந்து கீழ பாத்துக்குங்க."

"சார், எனக்கு இழுப்பு..."

"மூக்குல ஒரு துணியைக் கட்டிக்குங்க."

அன்று மாலை அவள் கவுண்டர் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், மூச்சு மருந்து. அந்தப் பெரியவரின் பேத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, அவள் தட்டில் இருந்த தடித்த நாவல் ஒன்றைக் கவுண்டரில் வைத்தாள்.

"ஆன்ட்டி, இதுக்கு சீல் போட்டுக் குடுங்க. இந்தாங்க, தாத்தா கார்டு."

"உங்க தாத்தா எங்க?"

"ரோட்டுல நிக்கிறாரு. உள்ள வர வேணாம்னு நீங்க சொன்னீங்களாம். நேத்து மாசக் கடைசி, அதுக்குள்ள எடுக்கச் சொன்னாரு. எனக்குத்தான் காய்ச்சல், வர முடியல."

"எதுக்கு எடுக்கறாராம்? மறுபடியும் பிரிக்காமத் திருப்பிக் குடுக்கவா?"

"தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது ஆன்ட்டி. அவர் பள்ளிக்கூடமே போனதில்ல."

எடுத்த சீல் கட்டையை அவள் கீழே வைத்தாள்.

"படிக்கவே தெரியாதா? அப்ப எதுக்கு வாராவாரம்..."

பேத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எம்பி நின்று ரகசியமாகச் சொன்னாள்:

"உங்க தட்டுலேர்ந்து ஒண்ணாவது போகலைன்னா உங்களைக் கீழ அனுப்பிடுவேன்னு பெரிய சார் சொன்னாராமே? நீங்க அழுதீங்களாம், தாத்தா அந்த பெஞ்சுலேர்ந்து பார்த்தாராம். அதான். இப்ப நான் எடுத்துட்டேன்ல, இனிமே உங்களை அனுப்ப மாட்டாங்கல்ல ஆன்ட்டி?"