துப்பாக்கிக் கட்டையில் ஒரு குழி

சமையலறை ஜன்னல் வழியே செப்டம்பர் வெயில் மேசைமேல் சாய்கிறது. நாளை கடமான் வேட்டை. மாமனார் உர்ஹோ வீட்டின் பழைய போர்த்துப்பாக்கி முதன்முறையாக மருமகன் தோய்வோவின் மடிக்கு வந்திருக்கிறது. எண்ணெய் தேய்த்த கட்டையில் ஆழமாய் ஒரு குழி. மரத்தூளும் பசையும் குழைத்துக் கத்தி நுனியில் எடுக்கிறான். "மாமா, இத அடைச்சிடவா? அசிங்கமா இருக்கு." எதிரே உர்ஹோவின் காபிக் கோப்பை ணங்கென்று மேசையில் இறங்குகிறது. "அந்தக் குழி இல்லன்னா உனக்குப் பொண்டாட்டி ஏது மாப்ள? ரஷ்யாக்காரன் சண்டையில எங்கப்பா நெஞ்சுக்கு வந்த குண்டுச்சில்ல இந்தக் கட்டைதான் வாங்கிக்கிச்சு." மனைவி சைமி சிரித்தபடி கைக்குழந்தையைக் கொண்டுவந்து, அதன் பிஞ்சு விரலைக் குழிக்குள் வைக்கிறாள். இந்த வீட்டில் பிறந்த அத்தனை பேரின் விரலும் பட்டு, குழியின் விளிம்பு வழவழவென்று மின்னுகிறது. தோய்வோ கத்தியைத் துடைத்து மடக்குகிறான். உர்ஹோ அவன் கையைப் பிடித்து இழுக்கிறார். "நீயும் வை. உனக்கும் சேத்துத்தான் வாங்கிச்சு."