சாம்பிள் பிளெக்ஸ்

அருண்பாண்டியன் செருப்புகூடப் போடாமல் கோவில்பட்டி பிளெக்ஸ் கடை வாசலில் வந்து நின்றான். அவன் வாயைத் திறக்குமுன் கடைக்காரர் ராமசுப்பு பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாரமா உன்னையத்தான் தேடுதேன். ஆர்டர் வந்தா பிளெக்ஸ் தானா அடிக்கதுக்கு, நம்ம கடைக்குன்னு சொந்தமா சாப்ட்வேர் எழுதணுமா, ரெடியா கிடைக்கிற ஆட்டோமேஷன் டூலே போதுமா? படிச்சவன் நீதான் சொல்லணும்."

அவன் கடைக்குள் ஏறினான்.

"டூலே போதும் அண்ணாச்சி. வாட்ஸ்அப்புல போட்டோவும் பேரும் அனுப்புனா பிளெக்ஸ் தானா அடிச்சிரும்."

"ஓட்டிக் காட்டு பாப்போம்."

அரைமணி நேரம் கம்ப்யூட்டரில் எதையெதையோ இணைத்தான். பிறகு தன் செல்லிலிருந்து ஒரு படமும் பேரும் அனுப்பினான். மெஷினிலிருந்து கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் இறங்கியது. அதில் ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பிள் சுத்தமா இருக்குலே. இறந்த தேதிதான் தப்பு. இன்னைக்குத் தேதி விழுந்திருக்கு."

"தேதி சரிதான் அண்ணாச்சி. காலையில எங்கம்மா தவறிட்டா. இதை அடிக்கத்தான் வந்தேன். இடைசெவல் பஸ் ஸ்டாப்புக்கு இன்னொண்ணு வேணும்."