வாய்க்குள் ஒரு ஹவுஸ் ஓனர்

கடைசியில் சிரிப்பு உண்டு, சத்தியம். ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். கதை நடக்கும் வாயில் இன்னும் பல்லே முளைக்கவில்லை.

பிறந்த குழந்தையின் ஈறு அது. காவலுக்கு வந்த வெள்ளையணுவுக்குப் புது வேலை. வெளியாள் வந்தால் தீர்த்துக்கட்ட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். அங்கே ஒரு பாக்டீரியா உட்கார்ந்திருந்தது.

"யாருய்யா நீ?"

மாட்டினால் செத்தோம் என்று பாக்டீரியா குரலைக் கட்டையாக்கிக்கொண்டது. "ஓனரையே யாருன்னு கேட்கறியா? ஈறுச் சுவரைப் பாரு, காகிதம் மாதிரி இருக்கு. முதல்ல பூசு!"

"மன்னிச்சிடுங்க சார்."

வெள்ளையணு பூசியது. மறுநாள், "எச்சில்ல மருந்தே இல்லை, கலக்கு!" அதையும் கலந்தது. இப்படியே தினமும் ஓர் அதட்டல். பிறகு ஒரு முரட்டுக் கிருமி வந்து சுவரை முட்டி, மண்டை வீங்கித் திரும்பியது.

அன்றைக்கே அம்மா குழந்தையை முத்தமிட்டாள். அதில் தொற்றி வந்த பொடி பாக்டீரியா ஒன்று ஓனரைப் பார்த்துக் கத்தியது: "அண்ணே! நீங்களும் அம்மா முத்தத்துல ஏறித்தானே வந்தீங்க? சௌக்கியமா?"

வெள்ளையணு மெல்லத் திரும்பியது. "அடப்பாவி! நீயும் வெளியாளா?"

கட்டைக்குரல் காணாமல் போனது. "போயிடவா?"

வெள்ளையணு சுவரைத் தட்டிப் பார்த்தது. கல் மாதிரி இருந்தது.

"உட்காருய்யா. அந்த மூலை இன்னும் பூசலை. கொஞ்சம் அதட்டு."