பிரித்துப் படித்த கடிதம்

“பெத்த மகளையே கொன்னவன் இந்த ஆளுதான்!”

ஜெயராஜ் விரலை நீட்டினார். கூண்டில் தலைகுனிந்து நின்றவனைப் பார்த்து மண்டபமே பல்லைக் கடித்தது.

கூண்டு என்றால் இரண்டு பெஞ்சைச் சேர்த்துக் கட்டியதுதான். உள்ளே ஒட்டுமீசையோடு நின்றவன் கிஷன், மற்ற நாளில் இன்சூரன்ஸ் விற்பவன். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் அன்று வழக்காடு மன்றம். பகைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் காதலித்து, சேர வேண்டிய கடிதம் சேராமல் செத்துப் போகும் ஒரு பழைய நாடகம். குற்றவாளி யார்? பெண்ணின் தகப்பனா, கடிதம் கொண்டுபோனவனா?

ஏற்பாடெல்லாம் வாணியுடையது. தகப்பன்தான் குற்றவாளி என்று வாதாடுவது அவளுடைய அப்பா ஜெயராஜ். மன்றம் முடிந்ததும் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அந்தப் பொன்னாடைக்காக அவள் மூன்று மாதம் தமிழ்ச் சங்கத்துக்கு நடையாய் நடந்திருந்தாள்.

வாசலில் நின்று, தீர்ப்புச் சொல்ல வாக்குச் சீட்டு கொடுத்ததும் அவள்தான். கேரி தீவிலிருந்து கோயில் வேனில் வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் சீட்டைத் திரும்ப அவளிடமே நீட்டினார்.

“கண்ணாடி கொண்டாரலம்மா. இதுல என்னா போட்டிருக்குன்னு சொல்லேன்.”

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. வயசானால் இப்படித்தான் என்று வாணி சிரித்துக்கொண்டே படித்துச் சொன்னாள். பாவம், தூரத்திலிருந்து வந்தவர் என்று முதல் வரிசையில் உட்காரவும் வைத்தாள்.

மேடையில் எதிர்த்தரப்பு ரோகிணி எழுந்தாள். “தகப்பன மட்டும் ஏன் பிடிச்சுக்கிறீங்க? கடுதாசி யாரு கையில இருந்துச்சு? அந்த ஆள் ஒழுங்கா இருந்திருந்தா ரெண்டு உசிரு போயிருக்காதுலா!”

ஜெயராஜ் சிரித்தார். “அவன் வேலைக்காரன்மா. கையில கொடுத்ததைக் கொண்டுபோனான். அவன் மேல பழி போட்டா, ஊர்ல இருக்கிற தபால்காரங்க எல்லாம் ஜெயில்லதான் இருக்கணும்.”

கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார். அப்பா அந்தக் கதைக்கு வருகிறார் என்று வாணிக்குப் புரிந்துவிட்டது. அவர் தோட்டத்து ஆபிசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தபோது நடந்தது. எத்தனை மேடையில் கேட்டாலும் அவளுக்குக் கண் கலங்கும்.

“நாடகம் எதுக்குங்க? நான் கண்ணால பார்த்தேன். எங்க தோட்டத்துல ஒரு பொண்ணு. வேற சாதிப் பையன். ‘சனிக்கிழமை கிள்ளான் பஸ் ஸ்டேஷன்ல காத்திருக்கேன், வந்துடு’ன்னு கடுதாசி போட்டான். அப்பெல்லாம் கடுதாசி ஆபிசுக்குத்தான் வரும். வீட்டுப் பெரியவங்க கையில கொடுக்கிறதுதான் வழக்கம். தகப்பன் என்ன செஞ்சான்? மக பேருக்கு வந்ததைப் பிரிச்சான். படிச்சான்! அவளை ரூம்ல போட்டுப் பூட்டினான். வரலைன்னு நெனச்சு அந்தப் பையன் உயிரை விட்டான். அதைக் கேட்டு அவளும் போயிட்டா. ஒரு கடுதாசியப் படிச்சு ரெண்டு பேரைக் கொன்ன அவன் ஒரு மனுசனா?”

அந்த நேரம் பார்த்து முதல் வரிசைப் பெரியவர் நாற்காலி கிறீச்சிட எழுந்து நின்றார்.

வாணிக்கு உயிரே போயிற்று. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். “அங்கிள், டாய்லெட் பின்பக்கம் இருக்கு. வாங்க, நான் காட்டுறேன்.”

“அதுக்கில்லம்மா. அது என் மக. லோகேஸ்வரி.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு வரிசைக்குக் கேட்டது. “இவனா அது?” என்று ஒரு குரல் வந்தது. யாரோ கைத்தொலைபேசியை உயர்த்தினார்கள். பெரியவர் கூனிக் குறுகிப் போனார். பிடித்திருந்த கையை வாணி தன்னையறியாமல் விட்டாள். விட்டதற்காக உடனே வெட்கப்பட்டாள். சீட்டைப் படித்துக் காட்டி, முதல் வரிசையில் உட்கார வைத்து, ஊர் முன்னால் ஒரு கிழவரை இப்படி நிறுத்திவிட்டோமே என்று அவள் முகம் எரிந்தது.

மேடையில் ஜெயராஜ் குனிந்து பெரியவரின் முகத்தைப் பார்த்தார். “வீரப்பா... நீ வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாது. உக்காரு. அப்புறமாப் பேசிக்கலாம்.”

எந்த மேடையிலும் தடுமாறாத அப்பாவின் குரல் தடுமாறியதை வாணி முதல்முறையாகக் கேட்டாள். சொந்தப் பகை மாதிரி மேடைக்கு மேடை இந்த மனிதரை இழுத்தாரே, இவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே கூசிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

வீரப்பன் உட்காரவில்லை. கைகூப்பினார்.

“பூட்டுனது நான்தாங்க. இல்லங்கல. முப்பது வருசமா அந்தப் பாவத்தோடதான் படுத்து எந்திரிக்கிறேன். மகளக் கொன்னவன்னு சொல்லுங்க, வாங்கிக்கிறேன்.” அவர் மேடையை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா, நான் எங்கங்க அதைப் படிச்சேன்?”

ஜெயராஜ் அவசரமாக மைக்கை அணைத்தார். வீரப்பனுக்கு மைக் தேவைப்படவில்லை.

“எனக்குத்தான் எழுத்தே தெரியாதே, கிராணி ஐயா. பிரிச்சுப் படிச்சுச் சொன்னது நீங்கதானே?”