அடி மரை

இரும்பைச் செதுக்குகிற மில்லிங் மெஷினின் டேபிளை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை வாங்க வந்தவரின் விரல் டேபிளின் ஒரு மூலையில் போய் நின்றது.

அங்கேதான் நிற்கும். வருகிற எல்லார் விரலும் அங்கேதான் நின்றிருக்கிறது.

டேபிளில் நட் ஓடுகிற பள்ளத்தின் உதடு அந்த இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தது, எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி.

"இது எப்படீங்க ஒடஞ்சுது?"

"நான்தானுங்க ஒடச்சேன்" என்றார் அவள் கணவர் சென்னியப்பன். கண்ணாடியைத் துடைத்தபடி, யோசிக்காமல்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இதே பதில்தான். ஆனால் சொன்ன கையோடு அவளை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். இன்று பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் மறதி. போன வாரம் சொந்த மருமகன் பெயரே வரவில்லை. "தம்பி, தம்பி" என்று சொல்லியே ஒப்பேற்றினார். மில்லிங்கில் கவனம் பிசகினால் விரல் போய்விடும். அதனால்தான் மெஷினை விற்கிறார்கள்.

மருமகன் பெயர் போகட்டும். இதுவுமா?

இதுவும் போய்விட்டால் அந்த நாளை அவள் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கணபதி பகுதியில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு அவள் வேலைக்கு வந்த புதிது. பட்டறை அப்போது சென்னியப்பனின் பெரியப்பாவுடையது.

அவள் கையால் செய்த முதல் டி-நட், டேபிள் பள்ளத்தில் ஓடி வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கிற நட். அராவினாள், பள்ளத்தில் விட்டுப் பார்த்தாள், மறுபடி அராவினாள். ஒற்றை விரலால் தள்ளினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. பெருமை தாங்கவில்லை. போல்ட் ஏறுகிற மரையையும் மேலிருந்து கீழ்வரை வெட்டி முடித்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை.

நட்டின் அடி மரையைப் பஞ்ச் என்கிற கூர் இரும்பை வைத்துத் தட்டி அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் போல்ட் நட்டைத் தாண்டி இறங்கிப் பள்ளத்தின் தரையில் முட்டும். முறுக்க முறுக்க நட் மேலே எழும்பி உதட்டைப் பெயர்த்துவிடும். பாவம், அவளுக்கு யார் சொன்னார்கள்?

அவள் முறுக்கினாள்.

டப்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வேலை போச்சு என்று அவள் நினைத்தாள்.

"நான்தானுங்க பெரீப்பா ஒடச்சேன்."

லேத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது சென்னியப்பனின் குரல். அப்புறம் அவர் வாங்கிய வசவு இருக்கிறதே, பக்கத்துப் பட்டறைக்காரன்கூட எட்டிப் பார்த்தான். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

வாங்க வந்தவர் போன் பேச வாசலுக்குப் போனார்.

டிராயரின் அடியில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்த அந்த முதல் நட்டை எடுத்தாள். கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் புரட்டிப் பார்த்தார். பெருவிரலால் தடவினார்.

"ஆரு செஞ்சது இது?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போச்சு. இதுவும் போச்சு.

அவர் நட்டைக் கவிழ்த்து வைஸில் இறுக்கினார். சென்டர் பஞ்சை எடுத்தார். சுத்தியலால் அடி மரையின் ஓரத்தில் மூன்று தட்டு. கைக்கு மட்டும் எந்த மறதியும் இல்லை. ஊதித் துடைத்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

வாங்க வந்தவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லிக் குடுத்திருக்கோணும், துளசிமணி. சொல்லாம வுட்டது நான். அப்பறம் ஒடச்சது மட்டும் நீயா?"