மறுபடியும் கேட்டார்கள்

"ஆளுக்கு ஒரு பதில் சொல்றா மேடம். இவளை எப்படி நம்புறது?" என்றாள் சித்திகா.

ஏழு வயது மகள் கைனாத்தின் கெண்டைக்காலில் கன்றிப்போன இரண்டு தடங்கள். அத்தாவிடம், "வேன் அங்கிள் அடிச்சார்" என்றாளாம். ஸ்கூல் மிஸ்ஸிடம், "கீழே விழுந்துட்டேன்."

குரோம்பேட்டையில் குழந்தைகளுக்கான ஆலோசனை மையம் அது. அங்கே வேலை பார்க்கும் காந்தா எழுதித் தருவதை வைத்துத்தான் வேன் டிரைவர் ஆனந்தன் மேல் போலீஸில் புகார். அதற்குள் அவனுக்கு வேலை போய்விட்டது. வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீதுங்க மேடம். நான் போய் கை வெப்பேனா?"

சித்திகாவுக்குத் துணையாக வந்திருந்த, கைனாத்தின் டியூஷன் மாஸ்டர் பொன்னுசாமிக்குப் பெரிய மனசு. அவனுக்காகப் பரிந்து பேசினார்.

"பாவம், விட்டுடுங்க மேடம். சின்னப் பசங்களுக்கு ஞாபகம் எங்க நிக்குது? அவங்க பேச்சு விடிஞ்சா போச்சு."

"மாஸ்டர் தங்கமானவர்" என்றாள் சித்திகா. "இவ கணக்குல நூறு வாங்கறதே அவராலதான்."

காந்தாவுக்கும் அலுப்புதான். மாற்றி மாற்றிப் பேசும் குழந்தை என்றால் ஃபைலை மூடிவிடுவது அவள் வழக்கம். இருந்தாலும் கடமைக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

"யாரும்மா அடிச்சது?"

"வேன் அங்கிள்."

எழுதிக்கொண்டே, "வேன் அங்கிள்தானே?" என்றாள்.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது.

"இல்ல ஆன்ட்டி. விழுந்துட்டேன்."

காந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேனாவை மூடினாள்.

"இப்பதானே வேன் அங்கிள்னு சொன்ன? ஏன் மாத்தற?"

"நீங்க மறுபடியும் கேட்டீங்களே."

"கேட்டா?"

"முதல்ல சொன்னது தப்புன்னு அர்த்தம். டியூஷன்ல அப்படித்தான். சரியா சொன்னா ஒரு தடவைதான் கேப்பாங்க. தப்பா சொன்னா, வேற பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

காந்தாவுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை குழந்தைகளிடம் எத்தனை தடவை கேட்டிருப்பாள்.

"முதல் முதல்ல இதை யார்கிட்ட சொன்ன?"

"அம்மாகிட்ட."

"என்னன்னு சொன்ன?"

"மாஸ்டர் அடிச்சார்னு. அம்மா மறுபடியும் கேட்டாங்க."